நாங்கள் உம்ரா போய் வந்த கதை

காலையில் சித்தன்னவாசல் சாலையில் நடக்கிற எங்கள் கிழவர் கோஷ்டியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். போன வாரம் அவர் பிடித்துக்கொண்டார். "பாஸ்புக் தொலைஞ்சதைக்கூட மூணு பக்கம் எழுதினீங்க. மக்காவுக்குப் போயிட்டு வந்ததைப் பத்தி ஒரு வரி எழுதலையே?"

நியாயமான கேள்வி. எழுதாததற்குக் காரணம் உண்டு. அந்தப் பயணத்தைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம். வீட்டில் கேட்டேன். "எழுதுங்க. எழுபத்தி மூணு வயசுல யாருக்குப் பயப்படணும்?" என்றாள். சரி, எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்கால்காரன். அன்னவாசல் என் மனைவியின் ஊர். 1977இல் நிக்காஹ். வேலை முடிந்த பிறகு அவளுடைய அத்தா விட்டுப்போன வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டோம். அவளுக்கு மக்கா ஆசை வந்தது ஆறு வயதில். 1961இல் அவளுடைய பாட்டனார் ஹஜ்ஜுக்குப் போனார். ஊரே திரண்டு வந்து ரயிலேற்றிவிட்டதாம். சென்னை போய், பம்பாய் போய், அங்கிருந்து கப்பல். ஒரு வாரத்துக்கு மேல் கடலிலேயே போக வேண்டும். திரும்பி வந்தால்தான் நிச்சயம் என்று, கடன் கணக்கையெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கென்று ரிசர்வ் வங்கி தனியாக நோட்டு அச்சடித்தது இளைய தலைமுறைக்குத் தெரியாது. 1959இல் பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் வந்தது. அதற்கு ஹஜ் நோட்டு என்றே பெயர். பம்பாய் - ஜித்தா கப்பல் 1995இல் நின்றுபோனது. பாட்டனார் தகர டப்பாவில் ஈயம் வைத்து அடைத்துக் கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரில் ஒரு மூடி அளவு தனக்குக் கிடைத்ததை இவள் இன்றைக்கும் சொல்வாள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹஜ் என்பது துல்ஹஜ் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் செய்வது. வசதியும் உடல் வலுவும் உள்ளவர்கள் மேல் ஆயுளில் ஒரு முறை கடமை. உம்ரா சிறிய யாத்திரை. வருடத்தின் மற்ற நாட்களில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் உம்ரா செய்துவிட்டால் ஹஜ் கழிந்துவிடாது. ஹஜ் கூட்டத்துக்கு அவளுடைய முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் உம்ரா. 2024 ஜனவரி என்று முடிவாயிற்று. தலைக்கு 95 ஆயிரம். பென்ஷனில் மிச்சம் பிடித்தது போதாமல் அவளுடைய வளையல் ஒரு ஜோடி போயிற்று. வங்கி வட்டியை இதில் சேர்க்கவில்லை.

ஏஜென்டிடம் பணம் கட்டப் போகும் முதல் நாள் ராத்திரி அவள் கேட்டாள். "என்னங்க, இந்தக் காசுல கலப்பு ஒண்ணும் இல்லையே?"

"என்ன கலப்பு? முப்பத்தாறு வருஷம் உழைச்ச காசு" என்றேன். உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தூக்கம் போயிற்று.

1984. நான் அப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பழைய பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்தன. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகள் எல்லாம் பிரெஞ்சில், கையெழுத்தில் இருக்கும். 'எத்தா சிவில்' என்போம். அதை வாசித்து நகல் எழுத அந்த அறையில் என்னை விட்டால் ஆள் இல்லை. திருநள்ளாறு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். நிலத் தகராறு; தகப்பனாரின் பிறப்புப் பதிவு வேண்டும். பத்து நிமிஷ வேலை. "நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். காசு கொடு என்று நான் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே புரியவைக்கத் தெரிந்திருந்தது. மூன்றாவது தடவை விண்ணப்பத்துக்குள் 200 ரூபாய் மடித்து வைத்திருந்தார். அந்த வாரம் எங்கள் இரண்டாவது மகளுக்குப் பால் டப்பா வாங்க வேண்டியிருந்தது. இது சாக்கு இல்லை. நினைவு அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். யாத்திரை கிளம்பும் முன் தெருத்தெருவாகப் போய், "ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க" என்று கேட்டுவருவோம். முதலில் வீட்டுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்து அவள் என் முன்னால் வந்து நின்று, "நாப்பத்தாறு வருஷத்துல கோவத்துல ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றாள். பதிலுக்கு நான் கேட்க வேண்டிய முறை. வாயில் வேறு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாலை நான்தானே கலக்கிக் கொடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. விடிந்து சுபுஹு தொழுதுவிட்டு வந்து, "அந்த ஆளைத் தேடுங்க" என்றாள்.

"இருநூறு ரூபாய்தானே, உண்டியலில் போட்டுவிடலாமே" என்றேன்.

"உண்டியல்கிட்டயா வாங்கினீங்க?"

அடுத்து, எவ்வளவு கொடுப்பது? குமாஸ்தா புத்தி கணக்குப் போட்டது. 1984இல் 200 ரூபாய்க்கு ஒரு கிராம் தங்கம் வரும். நாங்கள் கிளம்பும்போது கிராம் ஆறாயிரத்தை ஒட்டி விற்றது. சரி, ஆறாயிரம் என்றேன். அப்போது இன்னொரு சந்தேகமும் வந்தது. அவர் மறுபடி ஒரு முறை, தாயார் பதிவுக்காக வந்த மாதிரி நினைவு. அப்போதும் ஏதாவது வாங்கினேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. "சந்தேகம்னா கூட வச்சுக்குங்க. கொடுக்கறது நாம" என்றாள். பன்னிரண்டாயிரம்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் என்று பஸ் மாறிப் போனேன். பெயர் நினைவிருந்தது, ஊரும் நினைவிருந்தது. பதிவேட்டில் நானே எழுதின பெயராயிற்றே. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மகன் சாலையோரம் டீக்கடை வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஏதோ பழைய கடனை வசூலிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். புரிந்த பிறகும் கவரை வாங்கவில்லை. "அப்பா உங்க பேரைச் சொல்லித் திட்டினது கிடையாதுங்க. ஆனா அந்த ஆபீசைத் திட்டாத நாள் கிடையாது" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "பெரியவர் மக்காவுக்குப் போறேங்கறார், வாங்கிக்கங்க" என்று சொன்ன பிறகு வாங்கி, எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இனிப் பயணம்.

திருச்சியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஜித்தா. எங்கள் குழுவில் 38 பேர், கூட ஓர் ஆலிம். மக்காவைச் சுற்றி நாலா திசையிலும் எல்லைகள் உண்டு; யாத்திரிகர் அதைத் தாண்டும் முன் இஹ்ராமில் இருக்க வேண்டும். விமானம் அதற்காக நிற்குமா? அதனால் கொழும்பு விமான நிலையத்திலேயே உடுத்திக்கொண்டோம். ஆண்களுக்குத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணி, தலை மூடக்கூடாது. பெண்களுக்கு வழக்கமான உடைதான். மேலே போனதும் ஏசி குளிரில் நான் நடுங்குவதைப் பார்த்து அவள் தன் சால்வையை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டாள். "தலையில மட்டும் படாம பாத்துக்குங்க." எல்லை வருகிறது என்று விமானத்தில் அறிவித்தார்கள். எல்லோரும் நிய்யத் வைத்துக்கொண்டு 'லப்பைக்' சொல்ல ஆரம்பித்தோம். அவள் குரல்தான் எனக்குத் தனியாகக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சத்தமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

மக்கா போய்ச் சேர்ந்து, அறையில் பெட்டியை வைத்துவிட்டு ராத்திரியே ஹரமுக்குப் போனோம். கஅபாவை முதலில் பார்த்த நேரத்தைப் பற்றிப் பலரும் உருகி எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுதத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு சிக்கல், எங்கள் இருவருக்குள். தவாஃப், அதாவது கஅபாவை ஏழு முறை சுற்றுவதற்கு ஒளு வேண்டும். எங்கள் காரைக்கால் வீட்டில் ஷாஃபி மத்ஹபு. அதன்படி மனைவியின் தோல் நேராகப் பட்டாலே ஒளு முறிந்துவிடும். அவள் வீட்டில் ஹனஃபி. அவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. இத்தனை கூட்டத்தில், முழங்கால் வலிக்காரியை, கையைப் பிடிக்காமல் எப்படிக் கூட்டிப்போவது? ஆலிம், "நெரிசல்ல ஹனஃபி சட்டத்தை எடுத்துக்கலாம் மாமு, பலரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். பையிலிருந்து ஈரிழைத் துண்டை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். மாட்டைப் பிடித்துப் போகிற மாதிரி என்று நான் சொன்னதற்கு, "யாரு மாடுங்கறதை வெளியே வந்து பேசிக்கலாம்" என்றாள்.

ஹஜருல் அஸ்வத் கல்லுக்கு நேரே பச்சை விளக்கு இருக்கும். அங்கே ஆரம்பித்து அங்கே வந்தால் ஒரு சுற்று. சின்ன வயதில் கூட்டல் கழித்தலை நான் படித்தது பிரெஞ்சில். இன்றைக்கும் அவசரத்தில் எண்ணினால் அதுதான் வரும். வாயில் துஆ, மனதில் ஆன், தெ, த்ருவா, காத்ர். அவள் கையில் மணி வைத்து எண்ணினாள். நாலாவது சுற்று தாண்டிய பிறகு, கை கோத்துக்கொண்டு வந்த பெரிய கூட்டம் ஒன்று எங்கள் நடுவே புகுந்தது. துண்டு என் கையிலிருந்து நழுவிவிட்டது.

அவளைக் காணவில்லை. அங்கே நிற்க முடியாது, நின்றால் தள்ளிவிடுவார்கள். திரும்பவும் முடியாது. சுற்றிக்கொண்டேதான் தேட வேண்டும். எத்தனை நிமிஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஓதிக்கொண்டிருந்த துஆ மறந்து, "யா அல்லாஹ், அவள எங்கிட்ட கொடு" என்று தமிழில் கேட்டுக்கொண்டே நடந்தேன். மக்காமு இப்ராஹீம் பக்கம் வரும்போது வெள்ளைத் துண்டு ஒன்று தலைக்கு மேலே ஆடியது. கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே நடந்துவருகிறாள். நான் கையையே பிடித்துவிட்டேன். ஒளுவாவது மத்ஹபாவது! அதன் பிறகு விடவில்லை. ஆலிம் சொன்ன ஹனஃபி சட்டத்தை அந்த நிமிஷமே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எண்ணிக்கை போயிற்று. நடந்தது ஐந்தா, ஆறா? சேங்க்கா, சிஸ்ஸா? அவளுடைய மணியும் நெரிசலில் விழுந்துவிட்டது. எனக்கு வியர்த்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் கணக்கில் ஒரு பைசா தவறாதவன்! அவள், "ஹஜ்ரத் என்ன சொன்னாரு? சந்தேகம்னா குறைச்சல வச்சுக்கச் சொன்னாருல்ல? அஞ்சுன்னு வச்சு மிச்சத்தைச் சுத்துவோம்" என்றாள். சுற்றினோம். எட்டாகக்கூட இருந்திருக்கலாம். வெளியே வந்து இரண்டு ரக்அத் தொழுது ஜம்ஜம் குடிக்கும்போதும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். "கூடப் போனா என்னங்க? அவனுக்கா கணக்குத் தெரியாது?" என்றாள். காரைக்காலுக்கு நான் கொண்டுபோன பன்னிரண்டாயிரம் அப்போது ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அடுத்தது ஸயீ. ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடப்பது. பச்சைப்பிள்ளை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜர் ஓடிய ஓட்டம் அது. இப்போது பளிங்குத் தரை, கூரை, மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனாலும் மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் பச்சை விளக்கு எரியும் இடத்தில் ஆண்கள் கொஞ்சம் ஓட வேண்டும், பெண்கள் நடந்தால் போதும். "ஓடினது பொம்பள, இப்ப ஓடறது நீங்க" என்று அவள் சிரித்தாள். நாலாவது நடையில் சிரிப்பு நின்றுவிட்டது. முழங்கால் வீங்கிவிட்டது. அதுவரை வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த வீல்சேரில் உட்கார்ந்தாள். அதற்கென்று நடுவில் தனி வழி இருக்கிறது. மூன்று நடை நான் தள்ளினேன். ஸயீக்கு ஒளு கட்டாயம் இல்லை என்பதால் அவள் கையைப் பின்னால் நீட்டி என் கைமேல் வைத்துக்கொண்டாள். பிறகு நான் மொட்டை அடித்துக்கொண்டேன். அவளுடைய முடி நுனியில் விரல்நுனி அளவு நானே வெட்டிவிட்டேன். உம்ரா முடிந்தது. பாட்டனாரின் தகர டப்பாவைப் பற்றி அப்போது மறுபடி ஒரு தடவை சொன்னாள். நூறாவது தடவையாக இருக்கும். முழுக்கக் கேட்டேன்.

மதீனாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் ரவ்ழா என்ற இடத்தில் தொழ இப்போது செல்போனில் நுசுக் என்ற செயலி வழியாக முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம். அவள் குழுப் பெண்களோடு போனாள். பயத்தில் ஒரு சீட்டில், "இவர் என் மனைவி. வழி தவறினால் இந்த விடுதிக்கு அழைத்து வரவும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். கீழே இடம் இருந்ததால் கை தானாகப் பிரெஞ்சிலும் எழுதிவிட்டது. "வெள்ளைக்காரன் இங்க எங்க வரப்போறான்?" என்று கேலி செய்தாள்.

மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள், இவள் வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம் விடுதி வாசலில் நின்றேன். அப்புறம் வந்தாள், ஓர் அல்ஜீரியக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த அம்மாள் சீட்டின் கடைசி வரியைக் காட்டி என்னிடம் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள்: இந்தக் காலோடு இவளைத் தனியாக அனுப்பலாமா, நீ என்ன புருஷன்? நாற்பது வருஷமாகப் பேசாத மொழியில் மன்னிப்புக் கேட்டேன். "பார்தோன், மதாம்." என்ன திட்டினாள் என்று மனைவி கேட்டாள். "நல்லா இருங்கன்னு சொன்னாங்க" என்றேன். அவள் நம்பவில்லை.

ஊர் திரும்பி, ஜம்ஜமையும் பேரீச்சம்பழத்தையும் தெரு முழுக்கக் கொடுத்து முடிக்க ஒரு வாரமாயிற்று. எல்லா வீட்டுக்கும் இரண்டு பழமாவது போக வேண்டும் என்று எண்ணி எண்ணிப் பொட்டலம் கட்டினாள். ஒரு பொட்டலம் மட்டும் பெரியது. "இது அந்த டீக்கடைக்கு" என்றாள். இந்தத் தடவை அவளும் கூட வந்தாள்.

கடைக்காரர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். பொட்டலத்தை வாங்கி, ஒரு பழத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தார், ஒன்றைத் தானும் தின்றார். "உக்காருங்கய்யா" என்று பெஞ்சைத் துடைத்தார். கேட்காமலே இரண்டு டீ வந்தது. இவளுக்குச் சர்க்கரை கூடாது என்றேன். வேறு போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்து இருபது ரூபாய் நீட்டினேன். வேண்டாம் என்பாரோ என்று கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

வாங்கிக் கல்லாவில் போட்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.